புளியங்கொட்டையிலிருந்து கோந்து எடுப்பதும் அதை ஜெல்லாக உறைய வைப்பதும்

தை பிறந்ததும் சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர் மலைப் பகுதிகளிலும் ஏலம் விடப்பட்ட சாலையோர மரங்களிலும் புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். பங்குனி வரைக்கும் கொங்கு நாட்டுத் திண்ணைகளில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும். சதை சந்தைக்குப் போகிறது. கொட்டை மூட்டையாக வியாபாரியிடம் சென்று, ஆலையில் பொடியாகி, பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, போடும் கஞ்சியாகவும் துணி அச்சிடும் பேஸ்ட்டில் கெட்டிப்பொருளாகவும் திரும்பி வருகிறது. அந்தக் கொட்டைக்குள் இருக்கும் கோந்தை எப்படிப் பிரித்தெடுப்பது, அது எந்நிலையில் ஓடும் கஞ்சியாகவே நிற்கும், எந்நிலையில் கத்தியால் வெட்டக்கூடிய ஜெல்லாக உறையும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்ப்போருக்கும், வீட்டிலேயே சிறிய அளவில் முயல்வோருக்கும், பட்டறையில் பேஸ்ட் கலக்குவோருக்கும் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

செய்முறைக்கு முன் மூலக்கூறின் அமைப்பைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்துவிடுவது நல்லது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அளவுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர், ஒரு கோந்துக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிட்டு ஏன் உறையவில்லை என்று விழிக்க வேண்டியிருக்கும்.

முதுகெலும்பும் கிளைகளும்

விதைக் கோந்துகள் பெரும்பாலும் முளைவிடும் செடிக்காக விதை சேர்த்துவைத்திருக்கும் உணவு இருப்பு. வேதியியல்படி அவை நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். கொத்தவரை, வெந்தயம், தகரை ஆகியவற்றின் விதையில் இருப்பது காலக்டோமேனன் என்னும் வகை. இதில் மேனோஸ் என்னும் சர்க்கரை வரிசையாகக் கோக்கப்பட்டு நீண்ட முதுகெலும்பாக அமைகிறது. அதிலிருந்து இடையிடையே காலக்டோஸ் ஒற்றைக் கிளையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. செடிக்குச் செடி மாறுவது இந்தக் கிளையின் அடர்த்திதான். வெந்தயத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மேனோஸுக்கும் ஒரு காலக்டோஸ் உண்டு. கொத்தவரையில் இரண்டுக்கு ஒன்று. மத்தியதரைக்கடல் நாடுகளில் விளையும் கரோப் மரத்தின் கொட்டையில் நான்குக்கு ஒன்று. தகரையில் ஐந்துக்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவு.

கிளை கழித்த வேலிக்குச்சிகளைக் கட்டினால் நெருங்கிப் படிந்து இறுகிய கட்டாகும். கிளையும் முள்ளுமாக இருக்கும் கிளுவைக் குச்சிகளை எப்படிக் கட்டினாலும் இடைவெளி விட்டு விரைத்துக்கொண்டுதான் நிற்கும். சங்கிலிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். கிளை நெருக்கமாக இருந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்ட முடியாமல் இடையில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. ஆகவே வெந்தயக் கோந்தும் கொத்தவரைக் கோந்தும் பச்சைத் தண்ணீரிலேயே கரைகின்றன, ஆனால் தாமாக ஜெல் ஆவதில்லை. கிளை அருகியிருந்தால் வெறுமையான பகுதிகள் ஒன்றோடொன்று படிந்துகொள்கின்றன. ஆகவே கரோப் கோந்தைக் கரைக்க 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் கரைந்த பின், நுண்ணுயிரிலிருந்து கிடைக்கும் சாந்தன் என்னும் கோந்தோடு சேர்த்தால் நன்றாக உறைகிறது. கொத்தவரையைச் சாந்தனோடு சேர்த்தால் கெட்டிப்படும், உறையாது. கடையில் இரண்டும் வெளிறிய பொடியாகவே கிடைப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும் என்று எண்ணிவிடக் கூடாது.

புளியங்கொட்டையின் கோந்து இன்னொரு வகையைச் சேர்ந்தது. அதற்குச் சைலோகுளுக்கன் என்று பெயர். அதன் முதுகெலும்பு பருத்தி நூலின் செல்லுலோஸ் எதனால் ஆனதோ அதே குளுக்கோஸ் வரிசை, அதே பிணைப்பு. செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது என்பது துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரியும். சைலோகுளுக்கனில் நான்கு குளுக்கோஸுக்கு மூன்று வீதம் சைலோஸ் கிளைகள் பொருந்தியிருக்கின்றன. அந்தச் சைலோஸ்களில் சிலவற்றின் நுனியில் காலக்டோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கிளைகளே கரையாத முதுகெலும்பைத் தண்ணீரில் மிதக்க வைக்கின்றன. கிளைகளைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பறித்துக்கொண்டாலோ, கிளை நுனியில் உள்ள காலக்டோஸை வெட்டி எடுத்தாலோ, முதுகெலும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகிவிடும். ஜெல் ஆக்கும் வழிகளில் முக்கியமான இரண்டும் இவைதாம். பருத்தி நூலின் மீது இந்தக் கஞ்சி அவ்வளவு நன்றாக ஒட்டுவதற்கும் இரண்டுக்கும் பொதுவான அந்த முதுகெலும்பே காரணம்.

கோந்து விதையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் வேலையின் வழியைத் தீர்மானிக்கிறது. கொத்தவரையில் அது முளைசூழ் தசை என்னும் தனி அடுக்கில் இருப்பதால், ஆலையில் தோலையும் முளையையும் இயந்திரத்தாலேயே உதிர்த்துவிட்டு அந்த அடுக்கை மட்டும் அரைத்துவிடலாம். புளியங்கொட்டையிலோ அது பருப்பின் செல்சுவர் முழுவதிலும், புரதமும் எண்ணெயும் கலந்த நிலையில் இருக்கிறது. அதனால் உதிர்த்துப் பிரிக்க முடியாது. தண்ணீரில் கரைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கொட்டையிலிருந்து பொடி வரை

நன்றாக முற்றி, பளபளப்பான கரும்பழுப்பு நிறத்தில் உள்ள, வண்டு துளைக்காத கொட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டுக் கொட்டையில் துளை மிகுதியாக இருக்கும். தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை ஒதுக்கிவிட்டு, ஒட்டியிருக்கும் புளியைக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். புளிச் சதை ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அமிலம் பின்னால் கொதிக்கவைக்கும்போது சங்கிலியைச் சிறிது சிறிதாக அறுக்கும். எனவே கழுவுவதில் சோம்பல் கூடாது.

அடுத்தது வறுத்தல். இரும்புச் சட்டியில் மணல் இட்டு, 150 டிகிரி அளவுச் சூட்டில் 10 முதல் 15 நிமிடம் வரை கைவிடாமல் கிளற வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். முதலில் கொட்டை மந்தமாக உருளும் ஓசைதான் கேட்கும். பிறகு தோல் பருப்பிலிருந்து விலகத் தொடங்க, ஓசை கலகலவென்று மாறும். ஓரிரண்டு கொட்டைகள் வெடிக்கும். அப்போது ஒன்றை எடுத்து ஆறவைத்துக் குழவிக்கல்லால் தட்டினால் தோல் செதிலாக உதிர்ந்து, உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு முழுதாக நிற்க வேண்டும். தோல் பருப்போடு ஒட்டியே உடைந்தால் வறுவல் போதாது. பருப்பின் விளிம்பு பழுப்பேறியிருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அந்தப் பொடியில் வரும் கோந்துக்கு நிறமும் வறுபட்ட வாசமும் இருக்கும், கெட்டிப்படும் திறனும் குறைந்திருக்கும். தின்பதற்கு வறுக்கும் பதம் வேறு; அந்தப் பதத்தில் இங்கே நிறுத்தினால் காலம் தாழ்ந்துவிடும்.

ஆறியதும் இடித்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்க வேண்டும். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலாகப் போய்விடும். தோலில் துவர்ப்புத் தரும் டேனின் மிகுதியாக உள்ளது. சிறிதளவு தங்கினாலும் கரைசல் சிவந்து துவர்க்கும். ஆகவே ஒருமுறை புடைத்த பருப்பை வெளிச்சத்தில் பரப்பிக் கையாலும் பொறுக்குவது வீண்வேலை ஆகாது. நீக்கிய தோலை எறிய வேண்டாம். இயற்கைச் சாயம் போடுவோர் நூலுக்குச் சாயம் பிடிக்க வைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பருப்பு கல் போன்ற கடினம் உடையது. வீட்டு மிக்ஸியின் பிளேடு இதற்குத் தாங்காது. முதலில் உரலில் இடித்து நொய்யாக்கிவிட்டுப் பிறகு மாவு மில்லில் அரைப்பதே முறை. மிளகாய் அரைத்த கல்லில் அரைக்கச் சொல்லாதிருப்பதும் முக்கியம். அரைத்த பொடியை மெல்லிய சல்லடையில் சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். பொடியில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல்தான் சைலோகுளுக்கன். 15 முதல் 20 விழுக்காடு புரதம். 6 முதல் 8 விழுக்காடு எண்ணெய். அந்த எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது. பாவுக் கஞ்சிக்கு இந்தப் பொடி நிலையே போதும். மேற்கொண்டு சுத்தம் செய்ய வேண்டியதில்லை.

கோந்தைத் தனியே பிரித்தல்

20 கிராம் பொடியை 200 மில்லி குளிர்ந்த தண்ணீரில் முதலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு பாத்திரத்தில் 800 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, கரைத்ததைச் சிறு தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். பொடியை நேராகக் கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் மேற்புறமும் உடனே பசையாகி, உள்ளே உலர்ந்த மாவை அடைத்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் அந்தக் கட்டி கரையாது. கொத்தவரைப் பொடிக்கும் இதே ஆபத்து பச்சைத் தண்ணீரிலேயே உண்டு. அதற்குப் பொடியோடு பத்து மடங்கு சர்க்கரையை உலர்வாகக் கலந்து தூவலாம், அல்லது வேகமாகச் சுழலும் தண்ணீரின் சுழிக்குள் சிறிது சிறிதாகத் தூவலாம்.

கொதி வந்த பின் 20 நிமிடம் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் பால் போலத் தெரியும் கலவை மெல்ல மெல்ல ஒளி ஊடுருவும் கஞ்சியாக மாறும். கரண்டியைத் தூக்கினால் துளியாகச் சொட்டாமல் மெல்லிய இழையாக இறங்கும். அடுப்பை அணைத்து, மூடி, ஓர் இரவு அசையாமல் வைத்தால் புரதமும் நாரும் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் மெதுவாக வடித்து, நான்காக மடித்த காடாத்துணியில் வடிகட்ட வேண்டும். வடிப்பில் பேராசை கூடாது. அடியில் கலங்கல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வெயில் காலத்தில் கொங்குப் பகுதியின் இரவு வெப்பத்திலும் இந்தத் தெளிவு புளித்துவிடக்கூடும் என்பதால், குளிர்பெட்டியில் படியவைப்பது பாதுகாப்பானது.

உலர்ந்த கோந்தாக வேண்டுமானால், தெளிவை அதைப்போல் இரு மடங்கு ஆல்கஹாலில் ஊற்ற வேண்டும். ஊற்றிய மாத்திரத்தில் வெண்ணிற நார்கள் திரண்டு எழும். ஆல்கஹால் சங்கிலியைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பறித்துக்கொள்வதன் விளைவு இது. திரண்டதை எடுத்துப் பிழிந்து, மீண்டும் ஆல்கஹாலில் அலசி, 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில் உலர்த்திப் பொடிக்கலாம். எத்தனால் வாங்க உரிமம் வேண்டும். ஆய்வகத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அப்படி எடுத்த கோந்தை உண்ணும் பொருளில் சேர்க்கக் கூடாது. தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது. ஜெல்லி செய்வதுதான் நோக்கம் என்றால் இந்தக் கட்டமே வேண்டாம். வடித்த தெளிவே போதும்.

சர்க்கரை கொண்டு உறைய வைத்தல்

1942-இல் டி. பி. கோஷ், எஸ். கிருஷ்ணா என்னும் இரு இந்திய அறிவியலாளர்கள் புளியம்பருப்பில் 46 முதல் 48 விழுக்காடு வரை ஜெல் உண்டாக்கும் பொருள் இருப்பதாக அறிவித்தார்கள். பழங்களில் உள்ள பெக்டினைப் போல இதுவும் சர்க்கரையோடு உறைவதால் அப்போது இதையும் பெக்டின் என்றே கருதினார்கள். அமைப்பில் இரண்டும் வேறு. பழப் பெக்டின் அமிலமான சங்கிலி; சர்க்கரையோடு உறைய அதற்குப் புளிப்பும் வேண்டும். சைலோகுளுக்கனுக்குப் புளிப்பு கட்டாயம் இல்லை. சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் போதும், நடுநிலைக் கரைசலிலேயே உறைந்துவிடும். ஜப்பானில் பல பத்தாண்டுகளாக இது உணவுச் சேர்பொருளாகப் புழங்குகிறது. புளி விளையும் நம் ஊரில் கொட்டையை மூட்டை விலைக்கு விற்றுவிட்டு ஜெல்லிக்கு வெளியூர்ப் பொடி வாங்குவது எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

ஒரு கிலோ ஜெல்லிக்கு ஒரு லிட்டர் தெளிவு வேண்டும். வடிப்பில் அடியில் நிற்கும் பங்கையும் கணக்கில் கொண்டு, மேற்சொன்ன விகிதத்திலேயே 30 கிராம் பொடியும் ஒன்றரை லிட்டர் தண்ணீருமாகத் தொடங்கலாம். ஒரு லிட்டர் தெளிவைக் கொதிக்கவைத்துப் பாதியாகச் சுண்டவிட்டு, 600 கிராம் சர்க்கரை சேர்த்து, பாத்திரத்தின் எடை நீங்கலாக மொத்தம் ஒரு கிலோவாகும் வரை காய்ச்ச வேண்டும். பாத்திரத்தை அவ்வப்போது தராசில் வைத்துப் பார்ப்பதே வெப்பமானியைவிட நம்பகமான வழி. அந்த நிலையில் சர்க்கரை 60 விழுக்காடும் கோந்து ஏறக்குறைய ஒரு விழுக்காடும் இருக்கும். எலுமிச்சைச் சாறு சுவைக்குத்தான். இறக்கும் தருவாயில் சேர்த்தால் போதும். தட்டில் ஊற்றி ஆறவிட்டால் உறைந்துவிடும். விரலால் அழுத்தினால் பள்ளமாகித் திரும்ப எழ வேண்டும். கத்தியில் வெட்டிய முகம் பளபளப்பாக நிற்க வேண்டும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் போடலாம். ஆனால் அதில் உள்ள தூசும் ஈரமும் கணக்கைக் குழப்பும். எனவே அதைத் தனியே சிறிது தண்ணீரில் காய்ச்சி வடிகட்டிச் சேர்த்து, எடையைச் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஜெல் தெளிவாக இராது, நிறமும் கருக்கும், சுவையில் மிஞ்சும்.

உறையவில்லை என்றால் பெரும்பாலும் சர்க்கரை குறைந்திருக்கும். சைலோகுளுக்கன் நன்கு உறையச் சர்க்கரை 40 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். சர்க்கரை சரியாக இருந்தும் தளர்வாக நின்றால் தெளிவில் கோந்து குறைவு; இன்னும் சுண்டவிட்டிருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் வடிப்பில் புரதம் கலந்திருக்கிறது. துவர்த்தால் தோல் தங்கியிருக்கிறது.

கிளை வெட்டி உறைய வைத்தல்

இது ஆய்வகத்துக்கு மட்டும் உரியது. சைலோஸின் நுனியில் உள்ள காலக்டோஸை மட்டும் வெட்டும் பீட்டா-காலக்டோசிடேஸ் என்னும் நொதி, ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையிலிருந்து கிடைக்கிறது. 2 விழுக்காடு தூய கோந்துக் கரைசலை அமிலத்தன்மையைக் காட்டும் pH 5 அளவில், 50 டிகிரியில் வைத்து நொதியைச் செயல்பட விட வேண்டும். பிறகு 90 டிகிரிக்கு மேல் சூடேற்றி நொதியை நிறுத்த வேண்டும். காலக்டோஸில் 35 விழுக்காட்டுக்கு மேல் நீங்கிவிட்டால் கரைசலின் குணமே மாறிவிடுகிறது. குளிரில் ஓடும் திரவமாக இருப்பது, சூடு ஏறும்போது ஜெல்லாக உறைகிறது. இன்னும் சூடேற்றினால் மறுபடி இளகுகிறது. குளிர்வித்தாலும் இளகிவிடுகிறது. எவ்வளவு காலக்டோஸ் நீங்குகிறதோ அவ்வளவு குறைந்த வெப்பத்தில் உறைவு தொடங்கும். குளிர்ந்த நிலையில் துளியாக இட்டு, உடல் வெப்பத்தில் உறைந்து மருந்தை மெல்ல விடும்படி அமைக்கும் ஆராய்ச்சிகளில் இந்தக் குணம் பயன்படுகிறது. சர்க்கரையே இல்லாமல், ஒரு கிளையின் நுனியை மட்டும் மாற்றி இதைச் செய்ய முடிகிறது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பது, பாடப்புத்தகத்தில் படம் பார்ப்பதைவிட மேல்.

கொத்தவரைக் கோந்தை உறைய வைக்க வேறொரு வழி உண்டு; அதற்கு வெங்காரம் (போராக்ஸ்) போதும். ஒரு விழுக்காடு கொத்தவரைக் கரைசலை இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, அதில் வெங்காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், சில நொடிகளில் கையால் இழுக்கக்கூடிய திரளாக மாறும். வெங்காரத்தில் உள்ள போரேட் அயனி, சங்கிலியில் அருகருகே ஒரே பக்கமாக நிற்கும் ஹைட்ராக்சில் (OH) சோடிகளைப் பற்றி, இரு சங்கிலிகளைத் தைத்துவிடுகிறது. அதன்மேல் வினிகர் விட்டால் தையல் அவிழ்ந்து மீண்டும் திரவமாகும். சோடா சேர்த்துக் காரமாக்கினால் மறுபடி திரளும். வெங்காரம் உண்ணத் தகாதது. குழந்தைகள் கையில் இந்தத் திரளைக் கொடுக்க வேண்டாம்.

பட்டறையில்

பாவுக்குக் கஞ்சி போடுவோருக்கு ஜெல் வேண்டியதில்லை. சொல்லப்போனால் ஜெல் அவர்களுக்குத் தொல்லை. மக்காச்சோள ஸ்டார்ச்சுக் கஞ்சி ஆறினால் உறைந்து ஆடை கட்டும். புளியங்கொட்டைக் கஞ்சி ஆறினாலும் ஓடும் நிலையிலேயே இருக்கும். கலப்படம் சந்தேகப்பட்டால், ஆறிய கஞ்சியில் நீர்த்த அயோடின் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். உடனே நீலக்கறுப்பாக மாறினால் ஸ்டார்ச் கலந்திருக்கிறது. சைலோகுளுக்கன் அயோடின் அடர்த்தியாக இருக்கும்போது பச்சை கலந்த நீலமே காட்டும். கொத்தவரையில் நீலம் வராது.

திருப்பூரில் பருத்திப் பின்னலாடையில் ரியாக்டிவ் சாயம் அச்சிடுவோர் விலை குறைவு என்பதற்காகக் கொத்தவரையையோ புளியங்கொட்டையையோ கெட்டிப்பொருளாகப் போடக் கூடாது. ரியாக்டிவ் சாயம் பருத்தியின் ஹைட்ராக்சிலைப் பற்றுவதற்கென்றே அமைந்தது. கோந்திலும் அதே ஹைட்ராக்சில் இருப்பதால் அதையும் பற்றிக்கொள்ளும். சாயம் வீணாவதோடு, பற்றிய கோந்து கழுவினாலும் போகாமல் துணி விரைத்துவிடும். அதற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்தான் பொருத்தம். பாலியெஸ்டரில், தண்ணீரில் கரையாத டிஸ்பர்ஸ் சாயம் அச்சிடும்போது இந்தச் சிக்கல் இல்லை. அங்கே விதைக் கோந்துகள் தாராளமாகப் பயன்படும்.

கலந்த பேஸ்ட்டையும் கஞ்சியையும் இரண்டாம் நாளுக்கு வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் சங்கிலியை அறுத்து நீர்க்கச் செய்துவிடும். வாடை வருமுன்பே கெட்டித்தன்மை குறையத் தொடங்கியிருக்கும். மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றினால் அதே சிதைவு அங்கே நடந்து, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்; சுத்திகரிப்பு நிலையத்தின் சுமையும் ஏறும். அதனால் அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலப்பதே நல்லது. வீட்டுச் செய்முறையில் தெளிவு வடித்த பின் அடியில் நிற்கும் மண்டியில் புரதமும் எண்ணெயும் இருப்பதால், வேறு எந்த வேதிப்பொருளும் சேராதவரை, அன்றே மாட்டுத் தீவனத்தில் சிறிதளவு கலந்துவிடலாம்.